காகம் வராத காட்டில் ஒரு புரட்டாதிச் சனி

1

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் படிவம் நிரப்பாமல் எனக்குக் கிடைத்த பொருள் ஒன்றுகூட இல்லை. வீடு, வேலை, வைத்தியர், நூலக அட்டை எல்லாமே படிவம்தான். ஏன், என் பெயரே முதல் படிவத்தில் யாரோ முன்பின்னாக எழுதியபடியால் இன்றைக்கும் முன்பின்னாகத்தான் இருக்கிறது. அப்படியிருக்க, "காட்டுக்குப் போய் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம், பதிவு இல்லை, காசு இல்லை, யாரையும் கேட்கத் தேவையில்லை" என்று லீஸ் சொன்னபோது நான் நம்பவில்லை.

லீஸ் என்னோடு வேலை செய்பவள். பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை இங்கே கார்டெரி என்பார்கள். நகரத்தின் வடக்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் இருக்கிற ஒரு கார்டெரியில் இருபது வருடமாக நான் மூன்று வயதுக்காரருக்கு மூக்குத் துடைத்துவிடுகிறேன். அதனால் என் பிரெஞ்சும் மூன்று வயதுப் பிரெஞ்சு. பெரிய ஆட்களோடு கதைக்கும்போதும் எனக்கு அதுதான் வாயில் வரும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் என் கோப்பைக் காணாமல் முழித்துக்கொண்டிருந்த ஓர் உத்தியோகத்தரிடம், "பரவாயில்லை, அழக்கூடாது, இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லிவிட்டேன். மனிசன் உண்மையிலேயே எழும்பித் தேடினான்.

அந்த ஆஸ்பத்திரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. ஐந்து வருடத்துக்கு முதல் எனக்கு மார்பில் கட்டி வந்து வெட்டி எடுத்தார்கள். "ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயமில்லை" என்றார் வைத்தியர். என் கணவர் சிவம் அதைக் கேட்டுவிட்டு நேரே போய்ச் சனீஸ்வரனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஐந்து வருடம், ஒவ்வொரு வருடமும் புரட்டாதிச் சனி விரதம், ஒன்றும் தவறாது. காலையில் முழுகி, நல்லெண்ணெய் விளக்கேற்றி, சமைத்ததைக் காகத்துக்கு வைத்து, காகம் தின்ற பிறகுதான் இவர் வாயில் பருக்கை போகும். வருத்தம் எனக்கு, பட்டினி இவருக்கு! எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. இவருக்கோ சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வேறு இருக்கிறது. நான் சொல்லி எது நடந்தது? தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

நாங்கள் குடியிருக்கிற லாசாலில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் காகத்துக்குப் பஞ்சமில்லை. குப்பைத் தொட்டியடியில் பத்துப் பதினைந்து நிற்கும். இவர் சோற்றோடு இறங்கினால் மூன்று நிமிடத்தில் விரதம் முடிந்துவிடும். ஆகவே நாலு வருடமும் மூன்று சனியும் ஒரு பிசகில்லாமல் ஓடிவிட்டன. ஐந்தாம் வருடத்தின் கடைசிச் சனிதான் மிச்சம். அது ஒக்டோபர் நீண்ட விடுமுறைக்குள் வந்து விழுந்தது. லீஸ் கூப்பிட்டதும் அதே விடுமுறைக்குத்தான்.

"காட்டிலயும் காகம் இருக்கும்தானே," என்றார் இவர். அதுதான் பிழை. காகம் மரத்தில் இருக்கும், காட்டில் நிறைய மரம் இருக்கும், ஆகவே காட்டில் நிறையக் காகம் இருக்கும். எங்களைத் தவிர வேறு யாருக்கு இந்தக் கணக்கு வரும்?

2

நாலு பேர் போனோம். நானும் இவரும், லீஸ், பிறகு முரளி. முரளி எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கிற பிள்ளை, மதுரைப் பக்கம். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள், தனிய இருந்து நூடில்ஸ் தின்று காய்ந்துபோயிருந்தான். "ஆன்ட்டி, நீங்க சமைக்கிறீங்கன்னா நான் காடு மேடு எங்க வேணாலும் வரேன்," என்றான்.

மகளையும் கூப்பிட்டேன். நகரத்துக்கு வடக்கே லவாலில் தன் துணையோடு இருக்கிறாள். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். எனக்கும் பழகிவிட்டது, இரண்டு பக்கமும் இரண்டு மொழியில் கதைத்துக்கொண்டே போவோம். "இந்த மழையில் காடா? சும்மா கொடுக்கிறான் என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் அம்மா," என்றாள். பிறகு, "அப்பா அந்த டயட்டில்தானே இன்னும் இருக்கிறார்?" என்று கேட்டாள். டயட்! அது எதற்கு என்று நான் அவளுக்கு ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல வெளிக்கிட்டால் பிரெஞ்சில் சொல்லவேண்டும், என் மூன்று வயதுப் பிரெஞ்சில் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

லீஸின் வண்டியில் போனோம். லவால் தாண்டி, கடைகள் தாண்டி, வீடுகள் குறைந்து, பிறகு தொலைபேசியில் கோடுகள் குறைந்து, கடைசியில் தார் ரோட்டும் முடிந்துவிட்டது. கல் ரோட்டில் ஒரு மணித்தியாலம். இவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். குடியுரிமைப் பத்திரம், சுகாதார அட்டை, வீட்டு வாடகை ஒப்பந்தம், போன வருட வரிப் பத்திரம்.

"வரிப் பத்திரம் என்னத்துக்கு? கரடிக்குக் காட்டவோ?"

"நீர் சும்மா இரும். ஆராவது வந்து கேட்டால்?"

ஆரும் வரவில்லை. அதுதான் எனக்கு அன்றைக்கு முதல் அதிசயம். வண்டி ஓர் ஏரிக்கரையில் நின்றது. இறங்கினேன், வாய் திறந்தது, மூடவில்லை. மேப்பிள் மரம் நகரத்திலும் சிவக்கும், நானும் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் அங்கே நிற்பது தெருவுக்கு நாலு. இங்கே கண் போகிற தூரமெல்லாம் சிவப்பும் மஞ்சளும் செம்மஞ்சளும், நடுவே கரும்பச்சை ஊசியிலை மரங்கள், எல்லாம் மழையில் நனைந்து அப்போதுதான் சாயத்திலிருந்து எடுத்த சேலை மாதிரி. ஏரி அசையாமல் கிடந்தது. முருகா, இவ்வளவையும் யார் பார்க்க என்று இப்படிக் கொட்டி வைத்திருக்கிறாய் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"இந்த ஏரிக்கு என்ன பெயர்?" என்று லீஸிடம் கேட்டேன். தெரியாது என்றாள். பெயர் இல்லாமலும் இருக்கலாம், இங்கே இப்படி ஆயிரக்கணக்கில் கிடக்கிறது என்றாள். எங்கள் ஊரில் ஒரு பனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கே கோர்ட்டில் வழக்கு நடக்கும். இங்கே ஓர் ஏரி முழுதாகப் பெயரில்லாமல், வேலி இல்லாமல் கிடக்கிறது! இவர் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கரையில் நின்றார். பத்திரப் பையை அப்போதும் கீழே வைக்கவில்லை.

மழைக்குக் கூரையாகத் தறப்பாள் கட்டுகிற வேலையை இவர் எடுத்துக்கொண்டார். நாலு மரத்துக்கு நடுவில், ஒரு பக்கம் பதித்து, தண்ணீர் தேங்காமல் பத்து நிமிடத்தில் கட்டி முடித்தார். லீஸ் ஆச்சரியப்பட்டாள், எங்கே பழகினாய் என்று கேட்டாள். ஊரை விட்டு வெளிக்கிட்ட வருடம், இதே மாதிரி மழையில், ஆயிரம் பேரோடு மரத்தடிகளில் கிடந்தபோது பழகியது. அப்போது தறப்பாளுக்குக் கீழே நான் மேலே பார்க்கவே இல்லை, ஒவ்வொரு சத்தத்துக்கும் நிலத்தைத்தான் பார்த்தேன். இப்போது அதே நீலத் தறப்பாளுக்குக் கீழே இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு மழை இலையில் விழுகிற சத்தத்தைக் கேட்கிறேன். லீஸிடம், "சின்ன வயதில்," என்று மட்டும் சொன்னேன்.

3

லீஸ் இரண்டு கட்டளை போட்டிருந்தாள். ஒன்று, இது வேட்டைக் காலம், சுடுகிறவனுக்கு ஆள் என்று தெரிய எல்லாரும் எந்நேரமும் செம்மஞ்சள் மேலங்கி போட்டிருக்க வேண்டும். நாலு பேரும் ரோட்டு வேலைக்காரர் மாதிரித் திரிந்தோம். மற்றது, சாப்பாடு ஒரு துளிகூட வெளியில் கிடக்கக்கூடாது. கரடி குளிருக்கு முதல் தின்று கொழுக்கிற காலமாம். பற்பசைகூட வண்டிக்குள் பெட்டியில் பூட்டி வைக்கவேண்டுமாம்.

சனிக்கிழமை விடிய மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. இவர் ஏரித் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார். அந்தக் குளிரில்! முரளி கம்பளிக்குள் இருந்தபடி பார்த்துவிட்டு, "அங்கிள், பார்க்கிற எனக்கே ஜுரம் வருது," என்றான். இவர் பல் கிட்டிக்கத் திருநீறு பூசிக்கொண்டு தறப்பாளுக்குக் கீழே ஒரு தகர மூடியில் நல்லெண்ணெய் விட்டுத் திரி ஏற்றினார். நான் சீனி போடாத தேத்தண்ணீரும் சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசையும் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். இவர் விளக்கைப் பார்த்தபடி வாயில் போட்டு விழுங்கினார்.

அந்தக் குளிசைதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் வீட்டில் இவருக்கென்று ஏழு அறை உள்ள ஒரு குளிசைப் பெட்டி இருக்கிறது. ஞாயிறு முதல் சனி வரை, வாரம் ஒருமுறை நான்தான் நிரப்புவேன். புரட்டாதி மாதம் மட்டும் சனிக்கிழமை அறையை வெறுமையாக விடுவேன், ஏனென்றால் சாப்பிடாமல் அந்தக் குளிசையைப் போட்டால் சீனி கீழே இறங்கிவிடும் என்று மருந்துக்கடைப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இந்தமுறை பூசணிக்காயையும் கத்தரிக்காயையும் அடுக்குப் பாத்திரத்தையும் கட்டுகிற அவசரத்தில், கை பழகின பழக்கத்தில் ஏழு அறையையும் நிரப்பிவிட்டேன். நிரப்பியதும் நான், எடுத்ததும் நான், கையில் கொடுத்ததும் நான். அந்த நேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு சமைத்தேன். சின்ன காஸ் அடுப்பில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. முரளி அப்பளம் பொரித்தான், பாதியைக் கருக்கினான். தமிழ்க்கடையில் வாங்கின உறைந்த வாழையிலையை அடுப்புச் சூட்டில் காட்டி இளக வைத்தேன். பன்னிரண்டரைக்கு இவர் இலையில் சோறும் கறியும் எள்ளும் வைத்து, ஏரிக்கரையில் இருந்த ஒரு தட்டையான கல்லில் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து, "கா... கா... கா..." என்று கூப்பிட்டார்.

காடு அந்தக் குரலை வாங்கி அக்கரையில் கொண்டுபோய் அடித்துத் திருப்பித் தந்தது. அவ்வளவுதான். ஓர் இறகு அசையவில்லை.

4

சத்தம் கேட்டு லீஸ் ஓடிவந்தாள். கல்லில் கிடந்த சோற்றைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. என்ன இது, கரடிக்கு விருந்தா, உடனே எடு என்றாள். இவருக்குப் பிரெஞ்சு பாதிதான் விளங்கும், ஆனால் "எடு" விளங்கியது.

"எடுக்கேலாது," என்றார் தமிழில்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். என்னிடம் இருக்கிற பிரெஞ்சில்தானே சொல்லவேண்டும்? "முதலில் பறவை சாப்பிடும். பிறகுதான் சிவம் சாப்பிடுவார். சிவம் காத்திருக்கிறார்," என்றேன். எவ்வளவு நேரம் என்று லீஸ் கேட்டாள். பறவை வரும்வரை என்றேன். ஏன் என்று கேட்டாள். என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டி, ஐந்து விரலை விரித்துக் காட்டினேன்.

லீஸுக்கு விளங்கிவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தவள் அவள். வண்டிக்குப் போனாள். விசிலும் ஒரு சட்டியும் கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்து, கல்லுக்குப் பக்கத்தில் மழைக்குள் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்துகொண்டாள். கரடி வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் சோற்றைத் தனியே விடமாட்டேன் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தச் சாமிக்கு எந்த விரதம் என்றே தெரியாத ஒருத்தி காவல் இருக்கிறாள்!

ஆனால் பாருங்கள், அதிலேயே ஒரு சிக்கல். ஆள் நின்றால் காகம் வராது. ஆள் போனால் கரடி வரும். முரளி இதை யோசித்துவிட்டு, "ஆன்ட்டி, இது டெட்லாக்," என்றான். என்ன கோதாரியோ, அதுதான்.

ஒரு மணியாயிற்று. உயரத்தில் இரண்டு கறுப்புப் பறவைகள் போயின. இவர் துள்ளி எழுந்து கூப்பிட்டார். எங்கள் அண்டங்காகத்தைவிடப் பெரிது, குரல் தொண்டையின் அடியிலிருந்து வந்தது, செட்டையடிக்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது. அப்படி ஒரு கம்பீரத்தை நான் காகத்தில் கண்டதில்லை. அவை எங்களைப் பார்த்தன, ஒரு வட்டம் போட்டன, சோறு என்றால் என்னவென்று தெரியாத மாதிரி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நகரத்துக் காகம் வேறு, இந்தக் காட்டில் அது கிடையாது, இது மனிதரிடம் வராது என்று லீஸ் சொன்னாள். எங்கள் ஊரில் விரதச் சோற்றைக் காகம் தட்டோடு தூக்காமல் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. இங்கே ஒரு காகத்துக்காக நாலு பேர் மழையில் தவம் கிடக்கிறோம்.

ஒன்றரை. இவர் கல்லுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "கால் நோகுது," என்றார். நான் நம்பினேன். இரண்டு மணிக்கு என் பகல் குளிசையைத் தேடினபோது இவருடைய பெட்டி கையில் அகப்பட்டது, திறந்தேன். சனிக்கிழமை அறை வெறுமையாக இருந்தது. இருக்கத்தானே வேணும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் காலையில் என் கையாலேயே எடுத்துக் கொடுத்தது நினைவு வந்தது.

ஓடினேன். இவர் நெற்றியில் வழிந்தது மழை இல்லை, வியர்வை. விரல் நடுங்கியது. ஊசியால் குத்தி இரத்தம் பார்த்தேன். இங்கே அளக்கிற கணக்கில் நாலுக்குக் கீழே போகவே கூடாது என்பார்கள். மூன்று தசம் ஐந்து காட்டியது.

5

"இஞ்சாருங்கோ, ஜூஸைக் குடியுங்கோ. பிழை என்னில. குளிசை தந்திட்டன். குடியுங்கோ."

"காகம் வரட்டும்."

"உங்களுக்கு விசரே? சீனி இறங்குது!"

"நாலு வருசமும் மூண்டு சனியும் குறையில்லாமல் செய்திட்டன். இன்னும் கொஞ்சம் பொறும்."

முரளி ஜூஸ் பெட்டியைக் கிழித்துக் குழாயைச் செருகிக்கொண்டு வந்து நின்றான். "அங்கிள், ப்ளீஸ் அங்கிள், சாமி ஒண்ணும் சொல்லாது," என்றான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். லீஸ் வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். பக்கத்து ஊருக்கே கல் ரோட்டில் ஒரு மணித்தியாலம், மழையில் அதற்கும் மேல். தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை. அவளும் முரளியும் தூக்கப் பார்த்தார்கள். இவர் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சீனி இறங்கினால் புத்தியும் இறங்கும். பிடிவாதக்காரனுக்கு என்ன இறங்கும், பிடிவாதம்தான் ஏறும். "உமக்காகத்தான்," என்றார். சொல் குழறியது. "நான் கேட்டனான். அவர் தந்தவர். நான் இப்ப ஏமாத்தினால்..."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஐந்து வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. "ஆர் உங்களைக் கேட்கச் சொன்னது? நீங்கள் இந்தக் காட்டில செத்துக் கிடந்தால் எனக்கு இந்தச் சீவன் என்னத்துக்கு? ஆருக்கு வேணும் இது?" என்று கத்தினேன். அக்கரை அதையும் வாங்கித் திருப்பித் தந்தது. என் குரலை எனக்கே கேட்கப் பயமாக இருந்தது.

இலையில் இருந்த சோற்றில் ஒரு பிடி அள்ளினேன். படைத்த சோறு, தொடக்கூடாது, தெரியும். பருப்போடு குழைத்து உள்ளங்கையில் வைத்து இவர் வாய்க்கு நேரே நீட்டினேன். "வாயைத் திறவுங்கோ," என்றேன். திறக்கவில்லை. என்னையறியாமல் கார்டெரிப் பிரெஞ்சு வந்தது. நல்ல பிள்ளையல்லவா, ஒரே ஒரு வாய், வாயைத் திற என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே ராகத்தில் சொல்லிக்கொண்டு அழுதேன். கை நீட்டியபடியே இருந்தது. மழை சோற்றில் விழுந்தது. இவர் கண்ணை முழுதாகத் திறக்க முடியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் விரல்களில் ஏதோ வந்து உட்கார்ந்தது.

நான் முதலில் இலை விழுந்தது என்று நினைத்தேன். அவ்வளவு பாரமும் இல்லை. பிறகு நகம் தெரிந்தது, மெல்லிய, குளிர்ந்த நகம். சாம்பல் நிறப் பறவை, மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, உருண்டையான தலை, பஞ்சுக் கழுத்து, கறுப்புக் கண். எந்தப் பக்கமிருந்து வந்தது, தெரியாது. சத்தமே போடவில்லை. எங்கள் மூக்குக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்காது. காட்டில் பிறந்து காட்டிலேயே இருக்கிற உயிர், கத்திக்கொண்டு அழுதுகொண்டு நின்ற ஒரு மனுசியின் கையில் ஒரு பயமும் இல்லாமல் வந்து நின்று, தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து சோற்றைக் கொத்தியது.

நான் மூச்சு விடவில்லை. லீஸ் சாவியோடு நின்றபடி நின்றாள். முரளி ஜூஸ் பெட்டியைப் பிடித்தபடி சிலையாகிவிட்டான். பறவை வாய் நிறைய அள்ளிக்கொண்டு போய் ஒரு மரப்பட்டைக்குள் செருகிவிட்டு, திரும்பவும் என் கைக்கு வந்தது. மூன்று தரம் வந்தது. மூன்று தரமும் என் கைக்குத்தான், பக்கத்தில் இலை நிறையச் சோறு கிடந்தும்.

இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காகமா, காகம் இல்லையா, சனீஸ்வரனின் வாகனம் கறுப்பல்லவா என்றெல்லாம் கேட்பார் என்று நான் பயந்தேன். கேட்கவில்லை.

"உம்மட கையில திண்டிட்டுது," என்றார். "காணும், போதும்."

வாயைத் திறந்தார். முரளி பாய்ந்து வந்து குழாயை உள்ளே வைத்தான்.

6

கால்மணித்தியாலத்தில் மூன்று தசம் ஐந்து நாலு தசம் எட்டுக்கு வந்தது. நடுக்கம் நின்றது. தறப்பாளுக்குக் கீழே கூட்டிவந்து கம்பளியால் சுற்றி உட்கார வைத்தோம். லீஸ் இலையில் மிஞ்சியிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். பிறகு அந்தப் பறவையைப் பற்றிச் சொன்னாள். அதுவும் காகத்தின் இனம்தானாம். குளிர்காலத்தில் மற்றப் பறவை அநேகம் தெற்கே போய்விட, இது போகாதாம். இலையுதிர் காலம் முழுக்கக் கிடைத்ததை மரப்பட்டைக்குள் ஒளித்து வைத்து, அந்தப் பனியிலும் இங்கேயே குஞ்சு பொரிக்குமாம். என் பருப்புச் சோறு தை மாதம் வரைக்கும் ஏதோ ஒரு மரத்தில் இருக்கப்போகிறது!

"காகத்துக்கு மச்சான் முறைன்னு வெச்சுக்கலாம் அங்கிள்," என்றான் முரளி. அவன் சிரித்தான், கண் சிவந்திருந்தது. இரண்டு பேரும் விறகு பார்க்கிறோம் என்று சொல்லி எழும்பிப் போனார்கள். அந்த மழையில் விறகு எங்கே இருக்கும்? எங்களைத் தனியே விடத்தான் போனார்கள்.

நான் இவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். எதிரே மரங்கள் சிவந்துபோய் நின்றன. மழை தறப்பாளில் விழுந்து ஓரத்தால் ஓடியது.

இந்த ஐந்து வருடமும் நான் பயந்தது ஒன்றுக்குத்தான். நான் போய்விட்டால் இவர் என்ன செய்வார், ஒரு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாதே என்று. இவர் எனக்கு முதல் போகலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. குளிசைப் பெட்டியைத் திறந்ததிலிருந்து அந்தப் பறவை வரும்வரை அரை மணித்தியாலம்கூட இருந்திருக்காது. அதற்குள் எனக்குள்ளே எல்லாம் அறுந்துவிட்டது. இந்த மனிசன் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் வேலைக்குப் போய் வந்திருக்கிறார், என்னோடு சண்டை பிடித்திருக்கிறார், பக்கத்தில் படுத்திருக்கிறார். நானோ அதை விசர் என்றேன், பட்டினி என்றேன், மகள் டயட் என்றபோது திருத்தவும் இல்லை.

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, உங்களுக்கும் இப்பிடித்தான் இருந்ததோ?" என்று கேட்டேன்.

இவர் குனிந்து சோற்றையும் பருப்பையும் பிசைந்தார். பிசைந்து முடிந்த பிறகும் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஓம்," என்று தலையாட்டினார்.

பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடும்," என்றார். போட்டேன்.